குன்னக்குடியும் நாலு அங்குல வூஃபரும்

குன்றக்குடியிலிருந்து மாமா போன் பண்ணினார்.

"மாப்ளே, கம்ப்யூட்டர் மேசையில வச்சுப் பாட்டுக் கேக்கிற மாதிரி சின்னதா ரெண்டு ஸ்பீக்கர் வேணும். நல்லதா ஒண்ணு சொல்லு."

இந்தக் கேள்வி எனக்கு மாதம் இரண்டு முறையாவது வருகிறது. வழக்கமாக ஒரு மாடல் பெயரைச் சொல்லித் தப்பித்துவிடுவேன். மாமாவிடம் அது நடக்காது. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். பெயரைச் சொன்னால் "ஏன் அது?" என்பார். காரணத்தைச் சொன்னால் "ஸ்டெப் விட்டுட்டியே" என்பார். எனவே பஸ் ஏறினேன். காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போகிற வழியில் சுமார் பத்து கிலோமீட்டர். தூரத்திலேயே மலையும் கோபுரமும் தெரியும்.

விஷயம் இதுதான். மாமாவிடம் நூற்றுச் சொச்சம் கேசட்டுகள் இருந்தன. பேரன் லீவுக்கு வந்தபோது அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பாதிக்கு மேல் உள்ளூர்க்காரர் சரக்கு. குன்னக்குடி வைத்தியநாதன். (ஊர்ப் பலகையில் குன்றக்குடி, வாயில் குன்னக்குடி. உலகம் பூராவும் போனது இரண்டாவதுதான்.)

இன்றைய பிள்ளைகளுக்காக ஒரு பாரா. 1935-ல் இந்த ஊரில் பிறந்தவர். அப்பாவிடமே பாடம். பன்னிரண்டு வயதில் அரியக்குடி ராமானுஜ அய்யங்காருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். அரியக்குடி என்பதும் பக்கத்து ஊர்தான். இந்தப் பக்கம் மண்ணில் என்னவோ இருக்கிறது. 1969-ல் 'வா ராஜா வா'வில் சினிமாவுக்கு இசையமைக்க வந்தார். எழுபதுகளின் நடுவில் பக்கவாத்தியத்தை விட்டுவிட்டு மேடைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் மிருதங்கத்துக்குப் பதில் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவில். நெற்றி நிறையத் திருநீறு, பெரிய குங்குமம், வில்லோடு சேர்ந்து ஆடும் புருவங்கள். 2008-ல் காலமானார்.

மாமா சொன்னது: "நேர்ல கேட்டப்ப தவில் இங்க அடிக்கும்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "கேசட்ல கேட்டா தகர டப்பா. கம்ப்யூட்டர்லயும் அதே தகர டப்பா. எனக்குக் காது போச்சா, இல்ல அன்னிக்குக் கேட்டதே பிரமையா?"

எழுபத்தெட்டு வயசுக்காரர் கேட்கிற கேள்வி. இதற்கு மாடல் நம்பர் சொல்லித் தப்பிக்க முடியுமா?

நானும் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குன்னக்குடி மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. வயலினில் மகுடி ஊதுவார், சினிமாப் பாட்டு வாசிப்பார், சபை கைதட்டும். வித்வத் இருந்தும் வித்தை காட்டுகிறார் என்று சங்கீத நண்பர்கள் சொல்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். அவரை நான் எதில் கேட்டேன் என்று யோசித்ததே இல்லை. கல்யாண வீட்டு ரேடியோ செட். கோயில் திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். அப்புறம் ஒரு டூ-இன்-ஒன். அவ்வளவுதான்.

அந்தக் குழாய் இருக்கிறதே, அது ஊரைக் கூட்டுவதற்காகப் பிறந்தது. பெரும்பாலும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அது சட்டை பண்ணாது. மேலே ஐயாயிரம், ஆறாயிரத்தோடு மூச்சு நின்றுவிடும். கர்நாடக வயலினை ஒரு கட்டை சுருதியில் வைத்தால் மந்த்ர ஸட்ஜத் தந்தி 131 ஹெர்ட்ஸ். இரண்டு கட்டையில் 147. அதாவது கீழ் இரண்டு தந்திகளின் ஆதார ஒலி குழாயில் வருவதே இல்லை. 'ஆனால் கேட்டதே!' என்பீர்கள். அது உங்கள் மூளை செய்கிற உபகாரம். மேல் ஸ்வரங்களை வைத்து, இல்லாத அடி ஸ்வரத்தை அதுவே கற்பித்துக்கொள்கிறது. டெலிபோனிலும் இதே கதைதான். பழைய போன் 300-லிருந்து 3400 வரைதான் அனுப்பும். ஆம்பிளைக் குரலின் அடிநாதம் நூற்றுச் சொச்சம். இருந்தும் அப்பாவின் குரலை அடையாளம் கண்டுபிடித்தோம் அல்லவா? ராகம் தெரிந்துவிடும். கனம் வராது.

தவிலுக்கு இன்னும் மோசம். வலப்பக்கத் தோல் விறைப்பாக இழுத்துக் கட்டியது; கூடு மாட்டிய விரல்கள் அதில் பொரிந்து தள்ளும். இடப்பக்கம் தளர்ந்த தோல். பூவரசங்கழி விழுவது அங்கே. மாமா நெஞ்சைத் தொட்டுக் காட்டியது இந்த இடது கையைத்தான். குழாயும் டூ-இன்-ஒன்னும் வலது கையை மட்டும் வைத்துக்கொண்டு இடது கையைக் கழற்றிவிட்டன. மிச்சம் தகர டப்பா.

ஆக, நான் கேட்டு அபிப்பிராயம் சொன்னது பாதிக் கச்சேரியை. வேகமும் கீச்சும் வித்தையும் எந்தக் குழாயிலும் தப்பித்து வந்துவிடும். நிதானமாக மந்த்ரத்தில் இறங்கி நிற்கிற இடங்கள்தாம் வழியில் தொலைந்துபோகும்.

இப்போது ஸ்பீக்கருக்கு வருகிறேன்.

மாமா நான் வருவதற்குள் ஒன்று வாங்கி வைத்திருந்தார். காரைக்குடியில் ஒரு கடை. பெயர் வேண்டாம். 2.1 என்கிற ஜாதி. காலடியில் ஒரு டப்பா, மேசை மேல் சோப்புப் பெட்டி அளவில் இரண்டு குஞ்சுகள், நீலத்தில் கண் சிமிட்டும் விளக்கு. அட்டையில் நட்சத்திரம் போட்டு ஐந்து இலக்கத்தில் வாட்ஸ். பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ.

இந்த பி.எம்.பி.ஓ. என்பதற்கு யாரும் ஒத்துக்கொண்ட இலக்கணம் கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி அவரவர் ஆசை. யு.எஸ்.பி. ஒயரிலிருந்து மட்டும் மின்சாரம் குடிக்கிற சின்ன ஸ்பீக்கர்களிலேயே 'ஆயிரம் வாட்ஸ்' என்று ஒட்டிப் பார்த்திருக்கிறேன். பழைய யு.எஸ்.பி. துவாரம் தருவது ஐந்து வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் இரண்டரை வாட். இரண்டரைப் படி அரிசி போட்டு ஆயிரம் பேருக்குப் பந்தி வைக்கிற வித்தை! மாமா இந்தக் கணக்கை மிகவும் ரசித்தார். இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். அதிலும் பேராசை வேண்டாம். மேசையில் ஸ்பீக்கர் உங்கள் காதிலிருந்து இரண்டடி, இரண்டரை அடி. சாதாரணமான ஒரு சின்ன ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் சத்தம் போடும். எட்டு மணி நேரம் தொடர்ந்து அதற்கு மேல் கேட்டால் காதுக்கு ஆகாது என்று அமெரிக்காவில் தொழிலாளர் நலனுக்கான நியோஷ் நிறுவனம் பரிந்துரை செய்கிற எல்லையே அந்த 85-தான். வாட்ஸை இரட்டித்தால் மூன்றே டெசிபல் ஏறும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே பக்கத்துக்குப் பத்து, இருபது வாட் நிஜமாக இருந்தால் தாராளம். மிச்சத்துக்குக் காசு கொடுப்பது பக்கத்து வீட்டுக்காரருக்காக.

2.1-ல் எனக்கு ஆகாதது வாட்ஸ் புளுகு மட்டுமில்லை. மலிவான செட்டுகளில் அந்தக் குஞ்சு ஸ்பீக்கர்களுக்கு ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சு வராது. காலடி டப்பாவோ எண்பது, நூறில் மட்டும் 'தும் தும்' என்று ஒரே ஸ்வரத்தில் முட்டும். நடுவில் ஓர் ஓட்டை. வயலினின் கீழ்த் தந்திகளும் தவிலின் இடது கைச் சுற்றும் சரியாக அந்த ஓட்டையில் விழுகின்றன! வெடிச் சத்தத்துக்கும் கேமுக்கும் அது போதும். மாமா அதில் ஒரு தனியாவர்த்தனம் போட்டுக் காண்பித்தார். யாரோ பக்கத்து அறையில் மெத்தையை உதறுகிற மாதிரி இருந்தது. "கடையில நல்லாத்தான்ப்பா இருந்துச்சு" என்றார்.

கடையில் நன்றாகத்தான் இருக்கும். கடைக்காரர் போட்டுக் காண்பித்தது அவர் பாட்டு. சத்தமும் அவர் வைத்த சத்தம். இரண்டு ஸ்பீக்கர்களை அடுத்தடுத்துப் போட்டால், ஒன்றின் வால்யூம் ஒரு நூலளவு கூட இருந்தால் போதும், அதுதான் உசத்தி என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். அதனால் நீங்கள் போகும்போது இருபது வருஷமாகக் கேட்டுப் பழகின பாட்டு ஒன்றை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். சத்தத்தைக் குறைத்தபோதும் பாட்டு முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். சுருதிப் பெட்டி, தம்புரா மறைந்துவிட்டால் அடுத்த கடை.

ஒலி விற்கிற தொழில் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. காரைக்குடியில் ஏ.வி. அண்ட் சன்ஸ் என்ற கடையில் கிராமபோன் தட்டு விற்ற பையன்தான் பின்னால் ஏ.வி.எம். ஆனார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' காரைக்குடியில் எடுத்த படம். அந்தக் காலத்துக் கடையில் தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்களாம். இப்போது அட்டைப்பெட்டியைப் பிரித்தால் திருப்பி எடுக்கமாட்டேன் என்கிறார்கள்.

நான் கையோடு இரண்டு ஜோடி கொண்டுபோயிருந்தேன்.

முதலாவது கிரியேட்டிவ் பெபிள். தேங்காய் அளவில் இரண்டு உருண்டைகள். யு.எஸ்.பி.யிலேயே ஓடுவது. முதலில் வந்த மாடலுக்குக் கம்பெனியே 4.4 வாட் என்றுதான் எழுதியிருந்தது. அந்த நாணயத்துக்கே ஒரு கும்பிடு. முகத்தை 45 டிகிரி மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். மேசையில் உட்கார்ந்திருப்பவன் காது எங்கே இருக்கிறது என்று யோசித்துச் செய்த வேலை. குரலுக்கு, செய்திக்கு, பழைய சினிமாப் பாட்டுக்கு இதற்கு மேல் வேண்டாம். தவிலின் இடது கை அதில் நிழலாகத்தான் வந்தது. அந்த அளவு கூம்பிலிருந்து அதைக் கேட்பது நியாயமும் இல்லை. காற்றைத் தள்ளுவதற்கு அகலம் வேண்டும். பௌதிகத்தோடு பேரம் பேச முடியாது.

இரண்டாவது எடிஃபையர் எம்.ஆர்.4. நாலு அங்குல வூஃபர், மேலே ஓர் அங்குலப் பட்டுக் குமிழ் ட்வீட்டர், இரண்டும் சேர்த்து 42 வாட் ஆர்.எம்.எஸ். ஆம்ப் ஒரு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து ஒயர் அடுத்த பெட்டிக்குப் போகும். ஸ்டுடியோ மானிட்டர் ரகம் என்கிறார்கள். அதாவது சர்க்கரை சேர்க்காத காப்பி. இதே வரிசையில் ப்ரீசோனஸ் ஈரிஸ் 3.5 இருக்கிறது, வூஃபர் அரை அங்குலம் சின்னது. ஜே.பி.எல். 104 இருக்கிறது, அதில் ட்வீட்டரை வூஃபரின் நடு வயிற்றிலேயே வைத்திருப்பார்கள், கிட்டத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு அது புத்திசாலித்தனம். விலையெல்லாம் வாராவாரம் மாறுவதால் எழுதவில்லை.

எம்.ஆர்.4-ஐ மேசையில் வைத்து ஆன் பண்ணினோம். பயங்கரமாக இருந்தது! சத்தம் எங்கேயோ போய் முட்டித் திரும்பி வந்து குழம்பிக் கூழாயிற்று. மாமா என்னைப் பார்த்த பார்வையில் பத்து மார்க் குறைந்தது.

குற்றம் ஸ்பீக்கரில் இல்லை, வீட்டில் இருந்தது. மாமா குடியிருப்பது ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் ஒரு கட்டு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், முகம் பார்க்கலாம். தரையில் ஆத்தங்குடிக் கல். பர்மாத் தேக்கில் தூண். கண்ணுக்கு அழகான அத்தனையும் காதுக்கு எதிரி. கையைத் தட்டினால் ஓசை எழுந்து உத்தரத்தைச் சுற்றிவிட்டு நிதானமாகப் படுக்கிறது. நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு முன் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற வாத்தியாருக்கு இதே சங்கடம். ஒரு லெக்சர் ஹாலில் ஒரு வார்த்தை பேசினால் ஐந்தரை செகண்ட் அலைந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தியேட்டரிலிருந்து ராத்திரி ராத்திரியாக நாற்காலி மெத்தைகளைத் தூக்கிவந்து போட்டு, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்கிற சாஸ்திரமே அந்த மெத்தைகளில்தான் பிறந்தது.

நாங்களும் மெத்தை போட்டோம். அத்தையின் பழைய சுங்கடிப் புடவைகள் இரண்டை மடித்துப் பின்சுவரில் தொங்கவிட்டோம். கீழே ஜமுக்காளம். மேசையை மூலையிலிருந்து இழுத்து, சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் ஓர் அடி இடம் விட்டோம். மூலையில் வைத்தால் அடி ஒலி ஊதிப் பருத்துவிடும். மேசைப் பலகையே ஒரு கண்ணாடி மாதிரி ஒலியைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. அதற்கு ஸ்பீக்கருக்குக் கீழே மணைப்பலகையை வைத்துத் தூக்கி, ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி செய்தோம். பலகை அதிராமலிருக்கப் பழைய ரப்பர் செருப்பை நறுக்கிக் கால். இரண்டு ஸ்பீக்கர், மாமாவின் தலை, மூன்றும் சமபக்க முக்கோணம். மாமா ஸ்கேல் கொண்டுவந்து அளந்தார். அறுபத்தைந்து சென்டிமீட்டர், மூன்று பக்கமும்.

இந்தக் கிட்டத்தில்தான் மேசை ஸ்பீக்கரின் ரகசியம் இருக்கிறது. காதுக்கு அருகே கொண்டுவரும்போது நேராக வருகிற ஒலி ஓங்கி, சுவரில் பட்டு வருவது அடங்கிவிடுகிறது. பெரிய வீட்டுக்குப் பெரிய ஸ்பீக்கர் என்பது கடைக்காரரின் கணக்கு. எதிரொலிக்கிற பெரிய வீட்டுக்குச் சின்ன ஸ்பீக்கர், கிட்டத்தில் என்பதுதான் சரி.

இன்னொரு வில்லன், லாப்டாப் சார்ஜரைச் சொருகியதும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். பழைய வீட்டு ஒயரிங், எர்த் சரியில்லை. இரண்டையும் ஒரே பலகையில் சொருகியதில் பாதி அடங்கியது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து யாரும் மூன்றாவது பின்னை ஒடிக்காதீர்கள்.

அப்புறம் போட்டோம்.

முதலில் கேட்டது கேசட்டின் இரைச்சல். "இது என்னடா மழை பெய்யுது?" நல்ல ஸ்பீக்கரின் கெட்ட குணம் இது. மோசமான பதிவை மோசம் என்றே சொல்லிவிடும். பேரன் சின்ன ஃபைலாக இருக்கட்டும் என்று 128 கிலோபிட்டில் அமுக்கியிருக்கிறான்; அதில் பதினாறாயிரத்துக்கு மேல் வெட்டுப்பட்டுப் போகும். எழுபத்தெட்டு வயசுக் காதுக்கு அது நஷ்டமில்லை. எண்ணாயிரத்துக்கு மேலேயே அவருக்கு அநேகமாக ஒன்றும் கேட்காது; வயசானால் முதலில் போவது உச்சிதான். போன உச்சியை எந்த ஸ்பீக்கரும் திருப்பித் தராது. பேச்சே சரியாகப் பிடிபடவில்லையென்றால் ஸ்பீக்கர் கடைக்குப் போகாமல் காது டாக்டரிடம் போக வேண்டும்.

கீழ்ப்பகுதி மாமாவிடம் பத்திரமாக இருந்தது. வயலின் மந்த்ரத்துக்கு இறங்கி ஓர் இடத்தில் நின்றது. வில் தந்தியைப் பிடிக்கிற அந்தச் சொரசொரப்பு, குதிரைவால் மயிர் என்று தெரிகிற மாதிரி. அவசரமே இல்லாமல், சின்ன அசைவோடு, ஒரே வில்லில். இதை வாசித்தவரா வித்தை காட்டுகிறார் என்று சொன்னேன்? பத்து நிமிஷம் கழித்து அதே பதிவில் வேறொரு இடத்தில் சர்க்கஸும் வந்தது. அதை இப்போதும் சர்க்கஸ் என்றே சொல்வேன். ஆனால் தராசில் இன்னொரு தட்டு இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

தவில் வந்தது. வலது கையின் பொரிச்சல் தனியாக வலப்பக்கம். இடது கைக் கழி 'தொம்' என்று விழுந்து, தோல் தளர்ந்து, ஒலி லேசாக வளைந்து இறங்கியது. வயலின் வாக்கியத்தை முடிக்காமல் விட, அந்த இடது கை முடித்து வைத்தது. எவ்வளவு பெரிய உரையாடல்! மிருதங்கத்தை விட்டுவிட்டு ஏன் தவிலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார் என்பது எனக்கு முதல் தடவையாக விளங்கியது. மெல்லிய வயலினைத் தவில் அமுக்கிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அமுக்கவில்லை. வயலினுக்கு இல்லாத அடித்தளத்தைப் போட்டுக் கொடுத்தது.

மாமா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தொடையில் தாளம். கொஞ்சம் கழித்து, "முழுசா வரலை" என்றார்.

வராதுதான். நாலு அங்குலத்தில் அறுபது, எழுபது ஹெர்ட்ஸுக்குக் கீழே சுருக்கென்று இறங்கிவிடும். நெஞ்சில் அடிக்கிற அடி நிஜத் தவிலுக்கு மட்டும் சொந்தம்.

"முழுசா வரலை. ஆனா பிரமை இல்லை" என்றார்.

2.1-ஐக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டார். அதை அத்தை சமையலறையில் ரேடியோவுக்கு வைத்துக்கொண்டார். குக்கர் விசிலை மீறிக் கேட்கிறதாம். எம்.ஆர்.4-ஐ நான் திருப்பி எடுத்து வரவில்லை; மாமா பணத்தை எண்ணிக் கொடுத்தார், மறுத்தேன், கணக்கு வாத்தியாரிடம் எடுபடவில்லை. பேரனுக்குப் போன் போட்டு, கேசட்டுகளை மறுபடி ஏற்ற வேண்டும், இந்தத் தடவை அமுக்காமல் ஏற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மலையடிவாரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஆரம்பித்துவிட்டது. முருகன் பாட்டு. மாமா ஜன்னலைச் சாத்தினார், சாத்தியும் கேட்டது, ஆம்பை ஆஃப் பண்ணிவிட்டு, "அவங்க முடிச்சப்புறம் கேட்டுக்கலாம்" என்று ஈஸிசேரில் சாய்ந்துகொண்டார்.